'நிகழ்தகு முதன்மை'க்குப் பதிலாக 'தேறிய எண்'?

ரீச்சர், வணக்கம்.

சோதனையில் முதன்மைபோலத் தெரிந்தும் இன்னும் உறுதியாகாத எண்ணுக்கு (probable prime) நீங்கள் முன்வைத்த 'நிகழ்தகு முதன்மை எண்' என்ற சொல் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாணயத்தைச் சுண்டினால் தலை விழ நிகழ்தகவு உண்டு. ஓர் எண் முதன்மையா இல்லையா என்பதோ நாங்கள் பார்க்க முன்பே முடிந்த காரியம். தெரியாமல் நிற்பது நாங்கள்தான். இந்தச் சொல்லைக் கேட்டால், "அப்ப இது அரைவாசி முதன்மையோ சேர்?" என்பான் என்னுடைய மாணவன்.

(தமிழகத்து நண்பர்கள் 'பகா எண்' என்று வாசித்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டைக்கு இன்றைக்கு நான் வரவில்லை.)

எங்கள் பக்கம் விதைநெல்லைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் பதர், அதில் பேச்சில்லை. தாழ்ந்தது முளைக்கும் என்று நம்பலாம், சத்தியம் பண்ண ஏலாது. ஓர் எண் முதன்மையா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனையும் இதே வேலைதான். 341 ஐ எடுங்கள். அது முதன்மை என்றால் 2 இன் 340 ஆம் வலுவை 341 ஆல் வகுக்க மீதி 1 வந்தே ஆகவேண்டும். 2 இன் 10 ஆம் வலு 1024; அதிலேயே மீதி 1 வந்துவிடுகிறது, ஆகவே 340 ஆம் வலுவிலும் 1. தாழ்ந்துவிட்டது! ஆனால் 341 என்பது 11 × 31. வலுவுக்கு உயர்த்தும் எண்ணை, அதாவது அடியை, 2 இலிருந்து 3 ஆக மாற்றினால் மீதி 56, உடனே மிதக்கும்.

2024 ஒக்ரோபரில் லூக் டுரான்ட் கண்ட 2^136279841 − 1 ஐப் பாருங்கள். 4,10,24,320 இலக்கங்கள். 11 ஆம் திகதி டப்ளினில் இருந்த கணினி 3 ஐ அடியாக வைத்துச் சோதித்தது. (2 இன் முதன்மை எண் வலுவிலிருந்து 1 குறைத்த இந்த வகை எண்ணுக்கு அடி 2 வீண், 23 × 89 ஆன 2047, அதாவது 2^11 − 1, கூட அதில் தப்பிவிடும்.) இந்த வகை எண்ணுக்குச் சந்தேகமில்லாமல் தீர்ப்புச் சொல்லும் லூகாஸ்-லேமர் சோதனையில் அது முதன்மைதான் என்று டெக்சாஸில் உறுதியானது மறுநாள். இடைப்பட்ட அந்த ஒரு நாள் அதை என்னவென்று அழைப்பது? 'தேறிய எண்' என்கிறேன் நான். 'போலி முதன்மை' சரிவராது; அது குட்டு வெளிப்பட்ட 341 போன்றவற்றுக்கு மட்டும்.

---

சேர், நெல் உவமை நல்லாயிருக்கிறது. ஆனால் ஓஎல் பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பிறகு யாரும் தேறவில்லை என்று சொல்வதில்லை. 'தேறிய' என்றால் முடிந்த காரியம் போலத்தானே கேட்கிறது? அப்புறம் 561 (3 × 11 × 17) இருக்கிறது. தன்னோடு பொதுக்காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் அது தேறும்.

---

ஒத்துக்கொள்கிறேன் ரீச்சர். அப்படியென்றால் அடியைச் சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதக்கூடாது என்று வைப்போம்: '2 இல் தேறிய எண்', '3 இல் தேறிய எண்'. ஓஎல்லில் கணிதத்தில் தேறினான் என்றால் விஞ்ஞானத்திலும் தேறினான் என்று யாரும் எடுப்பதில்லையே. 561 க்கு மட்டும் வேறு சொல் தேட வேண்டும், அதை நீங்களே பாருங்கள்.