சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது: எங்கிருந்து பார்ப்பது?

கேட்பவர், சத்துவாச்சாரி:
வணக்கம். 2011 மாடல் 100 சிசி வண்டி, கார்புரேட்டர் வகை. அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ரத்தினகிரி தாண்டியதும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை திணறி நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு உதைத்தாலும் வராது. புளியமர நிழலில் இருபது நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவதற்குள் ஆறிவிடுவதால் அங்கே கோளாறு தெரிவதே இல்லை. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று. நானே கற்றுக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. கையில் பிளக் ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும்தான் உள்ளன.

பதில், காட்பாடி:
சிடிஐ (பொறி எப்போது வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மின்பெட்டி) போயிருக்கும். எனக்கும் இதே மாதிரி வெயில் காலத்தில்தான் வந்தது. மாற்றிவிடுங்கள்.

பதில், குடியாத்தம்:
தம்பி, காட்பாடிக்காரர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் இப்போதே காசு கொடுத்து வாங்காதீர்கள். நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள் பார்த்தால்தான் கோளாறு பிடிபடும். அடுத்த முறை நின்றதும் சாலையோரம் தள்ளி நிறுத்திவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது.

அது இல்லையென்றால் மூடியை மூடிவிட்டு ஸ்பார்க். கையில் துணி சுற்றிக்கொண்டு பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் இருந்த துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமாகப் பொறி வந்தால் சிடிஐ, காயில் (பிளக்குக்கு உயர் மின்அழுத்தம் தருவது) இரண்டையும் விட்டுவிடலாம்.

பிளக்கை மாட்டி, சாவியை அணைத்துவிட்டு, கார்புரேட்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி, குழாயை ஒரு பாட்டிலில் விடுங்கள். சொட்டுச் சொட்டாக வருகிறதா, நிற்காமல் ஒழுகுகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

கடைசியாகக் கிக்கரைக் கையால் அழுத்துங்கள். காலையில் ஆறிய வண்டியில் ஓரிடத்தில் முட்டி நிற்கும். சூட்டிலும் அதே முட்டல் இருக்கிறதா?

கேட்பவர்:
அண்ணா, இன்று மேல்விஷாரத்துக்கு முன்னால் நின்றது. மூடியில் சத்தம் இல்லை. பொறி நல்ல நீலம். பெட்ரோலும் நிற்காமல் வந்தது. ஆனால் கிக்கர் வெண்ணெயில் கை வைத்தது போல இறங்கியது. நிழலில் விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தினேன், முட்டியது. இதை நான் கவனித்ததே இல்லை.

பதில், குடியாத்தம்:
அப்படியென்றால் சூட்டில் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று அழுந்தும் அழுத்தம், போகிறது. ஒன்று கேட்கிறேன், சமீபத்தில் யாராவது டாப்பெட் (வால்வு இடைவெளி சரிசெய்யும் இடம்) தொட்டார்களா?

கேட்பவர்:
ஆமாம், இரண்டு மாதம் முன்பு. டிக்டிக் என்று சத்தம் வந்ததால் சுத்தமாக நிறுத்தச் சொன்னேன். சரிசெய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதில், குடியாத்தம்:
அங்கேதான் இருக்கிறது. சூடானால் வால்வின் தண்டு நீளும். அதற்காகத்தான் ஆறிய எஞ்சினில் ஒரு மயிரிழை இடைவெளி விடுவார்கள். அதை முழுக்க இறுக்கிவிட்டால், நீண்ட வால்வு தன் இருக்கையில் படியாமல் நிற்கும், கம்ப்ரெஷன் அந்த வழியாகப் போய்விடும். ஆறியதும் தண்டு சுருங்கி வால்வு மூடிக்கொள்ளும். இப்படியே ஓட்டினால் சைலன்சர் பக்கத்து வால்வு கருகிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

பதில், ஆம்பூர்:
தம்பி, நானும் இரண்டு வருடம் முன்புதான் இதைக் கற்றேன். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஆறிய வண்டியில், விடிகாலையில் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். மேக்னெட் பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே சுற்றும் சக்கரத்தில் உள்ள T குறியை எஞ்சின் உடம்பில் உள்ள அடையாளத்தோடு சேர்க்கவும். வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள், நான் முதல் முறை இதில்தான் ஏமாந்தேன். ஆனால் உங்கள் வண்டியில் இறுக்கமாக இருக்கும் ராக்கர் சரியான இடத்திலும் ஆடாது, அதனால் இன்னொன்றை வைத்து முடிவு செய்யுங்கள்.

வண்டிக் கைப்புத்தகத்தில் உள்ள அளவுத் தகட்டை ராக்கர் ஸ்குரூவுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நோட்டுக்குள் வைத்த தாளை இழுப்பது போல லேசாகப் பிடிக்க வேண்டும். அந்த ஸ்குரூவைத் திருப்பி அளவை வைத்து, அதைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பாருங்கள்.

கேட்பவர்:
அக்கா, காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். சைலன்சர் பக்கத்தில் இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மூன்று முறை லாக் நட் இறுக்கும்போது அளவு மாறியது, நான்காவது முறை நின்றது. அப்புறம் வாலாஜாபேட்டை வரை போய்த் திரும்பினேன், நடு வெயிலில், எங்கும் நிற்கவில்லை. லேசாக டிக்டிக் கேட்கிறது. விடலாமா?

பதில், குடியாத்தம்:
விடுங்கள், அந்தச் சத்தம் இருக்கத்தான் வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆறிய வண்டியில் ஒருமுறை தகட்டை விட்டுப் பாருங்கள். திரும்பவும் இறுகியிருந்தால் வால்வு இருக்கை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்கு குடியாத்தம் வாருங்கள், சேர்ந்து கழற்றுவோம்.