ஆன் சலிவன் உண்மையில் எப்படிப் பாடம் நடத்தினார்?

கரும்பலகை:
சிறப்புக் கல்வி பி.எட். மாணவர்களுக்கு, பார்வையும் செவித்திறனும் இல்லாத ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சலிவன் பற்றி ஒரு வகுப்பு தயாராகிறது. கிடைக்கிற கட்டுரை எல்லாமே, அடிபம்பில் தண்ணீர் கொட்டியதும் ஹெலன் கெல்லருக்குப் புரிந்துவிட்டது என்பதோடு நின்றுவிடுகின்றன. அமெரிக்காவின் அலபாமாவில் ஹெலனின் ஊரான டஸ்கம்பியாவுக்குச் சலிவன் வந்தது 1887 மார்ச் 3, தண்ணீர்ச் சம்பவம் ஏப்ரல் 5. இடைப்பட்ட ஒரு மாதம் என்ன நடந்தது? தனிச்சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு எப்படிப் போனார்? வகுப்பில் செய்துகாட்டும் அளவுக்கு விவரம் வேண்டும்.

விரல்மொழி:
அந்த மாதம் ஹெலன் கற்றது விரல் அசைவை மட்டும்தான். பொம்மையைக் கையில் கொடுத்து, உள்ளங்கையில் டி-ஓ-எல்-எல் (doll, பொம்மை) என்று எழுத்துக்கு ஒரு விரல் வடிவமாக எழுத்துக்கூட்டினார் சலிவன். குழந்தை அதை அப்படியே திருப்பிச் செய்தாள். அது பொம்மையின் பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

இடையில் சுமார் இரண்டு வாரம் தோட்டத்து வீட்டில் இருவரும் தனியாக இருந்தார்கள். பெற்றோர் பரிதாபப்பட்டு எதற்கும் விட்டுக்கொடுத்ததால், சாப்பாட்டு மேசையில் ஹெலன் அடுத்தவர் தட்டில் கைவிட்டு எடுப்பாள். அதைத் திருத்தாமல் பாடமே தொடங்காது என்பது சலிவனின் முடிவு. பழகிய இடம் என்று தெரியாமலிருக்க மேசை நாற்காலிகளைக்கூட இடம் மாற்றினார்கள்.

சிக்கல் குவளையில் வந்தது. குவளையைத் தொடும்போதெல்லாம் உள்ளே பால் இருக்கும், கூடவே குடிப்பதும் நடக்கும். மூன்றும் சேர்ந்தே வந்தால் எந்தச் சொல் எதற்கு என்று பிரிக்க வழியில்லை. 'மக்' என்றாலும் 'மில்க்' என்றாலும் குடிப்பதுபோல் சைகை காட்டினாள். அடிபம்பு இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. குவளையை ஒரு கையில் பிடிக்கவைத்து, அது நிரம்பி அந்தக் கைமேல் குளிர்ந்த தண்ணீர் வழியும்போது, மறு கையில் 'வாட்டர்' என்று எழுதினார். குவளை அசையவில்லை, தண்ணீர் மட்டும் ஓடுகிறது, குடிக்கும் வேலையும் இல்லை. செய்துகாட்டும்போது இந்த இரண்டு கை ஏற்பாட்டை விட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான். சில மணி நேரத்தில் 30 புதுச் சொற்கள் சேர்ந்தன.

புள்ளியெழுத்து:
பம்பைவிடப் பெரிய திருப்பம் அதற்கடுத்த சில நாளில் வந்தது; அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று, 15 மாதம். பேச்சு வரவில்லை, ஆனால் "மூக்கு எங்கே?" என்றால் சரியாகத் தொட்டுக்காட்டும். அதைப் பார்த்த சலிவன், குறித்த நேரத்துப் பாடத்தைக் கைவிட்டார். குழந்தையின் காதில் பேசுவதுபோல ஹெலனின் கையில் நாள் முழுக்க முழு வாக்கியங்களாகவே பேசினார். திருப்பிச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவில்லை. ஆகஸ்ட் முடிவில் 625 சொற்கள்!

வாசிப்புக்கு, மேடெழுந்த எழுத்தில் சொற்கள் அச்சிட்ட அட்டைத் துண்டுகள். 'பொம்மை' அட்டையைப் பொம்மைமேல் வைத்து, பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, 'இருக்கிறது', 'மேல்', 'கட்டில்' அட்டைகளை ஆங்கில வரிசையில் பக்கத்தில் அடுக்குவது. ஒருநாள் ஹெலன் 'பெண்' அட்டையைத் தன் உடையில் குத்திக்கொண்டு அலமாரிக்குள் போய் நின்றாள். வாக்கியத்தின் மீதி அட்டைகளை அலமாரித் தட்டில் அடுக்கினாள். வாக்கியமாகவே மாறி நின்றாள்.

கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத சொல்லுக்கு நேரம் பார்க்க வேண்டும். பெரிய மணி இரண்டு, சின்ன மணி மூன்று என்று கோக்கும்போது தவறு வந்து அவள் யோசித்தபோது, நெற்றியைத் தொட்டு 'யோசி' என்று எழுதினார். யோசனை ஓடிக்கொண்டிருந்த நொடியிலேயே சொல் வந்ததால் பிடிபட்டது.

புவியியல் டென்னசி ஆற்றங்கரையில். கூழாங்கல்லால் அணை கட்டி, தீவும் ஏரியும் செய்து விளையாட்டு. பாடம் நடக்கிறதென்று ஹெலனுக்குத் தோன்றவே இல்லை. படிப்புமேல் பற்று அங்கிருந்துதான் வந்தது என்பேன். கணக்கு மட்டும் பிடிக்கவில்லை. மணிகளை ஐந்தாறு கூட்டம் பிரித்ததும் பொறுமை போய்விடும்.

கரும்பலகை:
மிக்க நன்றி. எழுதும்போது பெறுபவர் கை எங்கே இருக்க வேண்டும்?

விரல்மொழி:
எழுதுபவரின் கைமேல், இறகுபோல. அழுத்திப் பிடித்தால் விரல்கள் மடங்க இடமிருக்காது, எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். ஒற்றைக் கை எழுத்துமுறை என்பதால் எழுதுபவருக்கு மறு கை காலியாக இருக்கும். பொருளைத் தொடவைக்க அது வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தாதீர்கள். நாம் படிக்கும்போது எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை அல்லவா, கையும் அப்படித்தான் சொல்லை வாங்கும். இடைவெளி சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் போதும்.