மீனை அறுத்துப் பாத்துட்டு ஃபாசில் மீன் (கல்லுல பதிஞ்சு கிடக்கற பழங்கால மீன்) பாத்தவங்க இருக்கீங்களா? அனுபவத்தச் சொல்லுங்க

கெண்டைமுள்:
எங்களுக்கு லேப்ல டிசெக்ஷன் முடிச்ச சூட்டோட ஃபாசில் மீனையும் எடுத்து முன்னாடி வெச்சாங்க, அந்த வரிசைல பாத்ததாலதான் புரிஞ்சுதுன்னு சொல்வேன். செவுள் மூடியத் தூக்கினா உள்ள செக்கச்செவேல்னு செவுள், அந்த வளைவோட உள்பக்கம் சீப்புப் பல்லு கணக்கா சின்ன முள்ளுங்க, இரை செவுள் வழியா நழுவிப் போகாம தடுக்கறது அதுதான். கொஞ்சம் பின்னால இதயம், ஒரு ஏட்ரியம் (ரத்தம் வாங்கற அறை) ஒரு வென்ட்ரிக்கிள் (ரத்தத்தத் தள்ற அறை) அவ்ளோதான். முதுகெலும்ப ஒட்டி காற்றுப்பை, கத்திரி முனை பட்டதும் புஸ்ஸுனு சுருங்கிடுச்சு. அப்புறம் ஃபாசில் கல்லைப் பாத்தா அது நைட்டியா (சிரிக்காதீங்க, பேரே அதான்), மத்தி வகையறா, அமெரிக்காவுல வயோமிங் கிரீன் ரிவர் பாறைல கிடைக்கறது, சுமார் 5 கோடி வருஷத்து மீன். இதயம் காற்றுப்பை எதுவும் அதுல இல்ல, ஆனா செவுள் மூடி, விலா எலும்பு, வால் துடுப்போட கதிர் எல்லாம் அதே எடத்துல அப்படியே இருக்கு. எது எந்த பாகம்னு கேட்டா, புத்தகப் படத்து லேபிள் மனப்பாடம் பண்ணவங்க முழிச்சாங்க, அறுத்தவங்க கடகடன்னு சொன்னாங்க.

லேப் அண்ணா:
தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. நான் பசங்களுக்கு டெமோ காட்டறவன், வருஷா வருஷம் ஒருத்தராவது மெகலடான் (அழிஞ்சுபோன ராட்சச சுறா) முழு எலும்புக்கூடு எங்க இருக்குன்னு கேப்பாங்க. எங்கயும் கிடையாதுப்பா. சுறாவுக்கு இருக்கறது குருத்தெலும்பு, அது பெரும்பாலும் மக்கிப்போயிடும், பல்லு மட்டும் வாழ்நாள் பூரா விழுந்து விழுந்து முளைக்கறதால கடலடில ஏகப்பட்டது சேந்துடும். மெகலடான்ல கிடைச்சதும் பெரும்பாலும் பல்லும் கொஞ்சம் முதுகெலும்புத் துண்டும்தான், மியூசியத்துல வாயப் பொளந்துட்டு நிக்கற தாடை எல்லாம் நாம செஞ்சு வெச்சது.

வால்துடுப்பு:
செவுள் மூடி பேச்சு வந்ததால சொல்றேன். அறுக்கும்போது கவனிச்சீங்களா, மீனுக்கு தோள்பட்டை எலும்பு மண்டையோடயே ஒட்டியிருக்கும், செவுள் மூடியும் அங்கயே மூடிக்கும், கழுத்துன்னு ஒண்ணு வர்றதுக்கே எடம் இல்ல, தலைய மட்டும் தனியா திருப்ப முடியாது. 2004ல கனடாவோட எல்ஸ்மியர் தீவுல எடுத்த டிக்டாலிக்ல (மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் நடுவுல இருக்கற ஃபாசில்), அது 37.5 கோடி வருஷம் பழசு, செதிலும் துடுப்பும் இருக்கு ஆனா செவுள் மூடி எலும்பு இல்ல, தோள்பட்டையும் தலைய விட்டு தனியாயிடுச்சு, கழுத்து வந்துருச்சு! எல்லாரும் அதோட துடுப்புக்குள்ள இருக்கற கை எலும்பத்தான் பெருசா பேசுவாங்க, எனக்கென்னவோ கழுத்துதான் பெரிய விஷயம். டிசெக்ஷன் ட்ரேல இருந்த மீனோட தலையத் திருப்பிப் பாத்து, திரும்பாம மொத்த உடம்பும் சேந்து வந்தப்பதான் அது மண்டைல ஏறுச்சு.

கெண்டைமுள்:
@வால்துடுப்பு அட இத யாருமே சொல்லித் தரல, அடுத்த லேப்ல திருப்பிப் பாத்துட்டு வரேன்