3டி மேப்கிட்ட கேட்டா மாடி வீடு 3 மீட்டர் உயரம்ங்குது, எங்க தப்பு?

போல்டர்வாசி:
வணக்கம் மக்களே. ராட்டர்டாம் பக்கத்துல நியூவர்கெர்க்ல வாடகைக்கு ஒரு வீடு பாத்திருக்கேன், தெக்கால இன்னொரு வீட்டு வரிசை இருக்கு, டிசம்பர்ல வெயில் வருமா வராதான்னு தெரியணும் (கறிவேப்பிலைத் தொட்டி ஒண்ணு வச்சு காப்பாத்திட்டு வரேன், போன குளிர்ல பாதி செத்துருச்சு). வீட்டுக்காரர்கிட்ட கேட்டா சூப்பரா வரும்னுதானே சொல்வாரு. அதனால டெல்ஃப்ட் யூனிவர்சிட்டிக்காரங்க பண்ணின 3டி பேக் டேட்டா இருக்குல்ல, நெதர்லாந்து முழுக்க சுமார் 1 கோடி கட்டடத்தோட 3டி மாடல், அதுல இந்த ஏரியாவ மட்டும் போஸ்ட்ஜிஐஎஸ்ங்கிற மேப் டேட்டாபேஸ்ல ஏத்தி மேல ஒரு ஏஐ சாட்பாட்ட மாட்டிவிட்டேன். எதிர் வீடு எவ்ளோ உயரம், டிசம்பர் 21 மத்தியானம் நிழல் எவ்ளோ தூரம் விழும்னு தமிழ்லயே கேட்டேன். உயரம் 3 மீட்டர், நிழல் 11 மீட்டர், நல்லா வெயில் வரும்னு சொல்லிடுச்சு. நேர்ல போய் பாத்தா கீழ்தளம், மேல ஒரு மாடி, அதுக்கும் மேல சாய்வு ஓட்டுக்கூரை. அது 3 மீட்டராம்!

சும்மா_வந்தேன்:
ஏஐ அடிச்சு விட்டிருக்கும் ப்ரோ, வேற என்ன. கூகுளோட 3டி டைல்ஸ் (போட்டோவ வச்சு செஞ்ச 3டி மேப்) போட்டுப் பாருங்க, ஜன்னல் பால்கனி வரைக்கும் தெரியுது.

லைடார்_லட்டு:
அடிச்சு விடல. அது சொன்ன 3 டேட்டாவுல இருக்கிற நம்பர்தான், ஆனா அது வீட்டோட உயரமே இல்ல. 3டி பேக்ல கூரை உயரம் எல்லாம் என்ஏபிலருந்து அளந்தது, அதாவது ஆம்ஸ்டர்டாம் மட்டம், கிட்டத்தட்ட கடல் மட்டம்னு வச்சுக்கோங்க. நீங்க பாத்திருக்கிற ஊர்லதான் நெதர்லாந்துலயே தாழ்வான இடம் இருக்கு, மைனஸ் 6.76 மீட்டர். உங்க தெரு மைனஸ் 6ல இருந்தா ஓட்டு உச்சி பிளஸ் 3, ஆக வீடு 9 மீட்டர். மாய்வெல்ட்னு முடியுற ஃபீல்டு ஒண்ணு இருக்கும் பாருங்க, டச்சுல தரைமட்டம்னு அர்த்தம், கூரையிலருந்து அதைக் கழிக்கணும். ஃபீல்டு பேரை மட்டும் குடுத்தா ஏஐ எப்படிங்க கண்டுபிடிக்கும், ஒவ்வொண்ணும் எதுலருந்து அளந்ததுன்னு முதல்லயே எழுதிக் குடுத்துடுங்க. அது டேட்டாபேஸ்கிட்ட கேட்ட கேள்விய, அதான் எஸ்கியூஎல், காட்டச் சொல்லிப் படிங்க, பதில மட்டும் படிக்காதீங்க.

@சும்மா_வந்தேன் கூகுள் டைல்ஸ் பாக்க அழகுதான், ஆனா அது ஊர் மேல போத்தின ஒரே தோலு மாதிரி. எது எந்த வீடு, எந்த வருஷம் கட்டினதுன்னு அதுல இல்ல. வயலோட போட்டோவுக்கும் பட்டாவுக்கும் இருக்கிற வித்தியாசம்.

அரைகுறை_ஜிஐஎஸ்:
இன்னொண்ணு, லேட் லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை) குடுத்து தேடச் சொன்னா "அங்க கட்டடமே இல்லை"ன்னு சாதிக்கும், எனக்கு ஒரு நாள் முழுக்க போச்சு. டேட்டா ஆர்டின்னு டச்சுக்காரங்களோட சொந்த கோஆர்டினேட் முறையில, டிகிரியா இல்லாம மீட்டர்ல இருக்கு, மாத்தித்தான் தேடணும். அப்புறம் இந்த மாடல்ல மரம் கிடையாது. டிசம்பர்ல இலை இருக்காது சரி, ஊசியிலை மரம் நின்னா அதுவும் நிழல்தான், கண்ணால பாத்துக்கோங்க.

போல்டர்வாசி:
@லைடார்_லட்டு தெய்வமே! கழிச்சுப் பாத்தா கரெக்டா 9 மீட்டர். டிசம்பர் 21க்கு இங்க மத்தியானமே சூரியன் சுமார் 15 டிகிரிதான் ஏறுது, நிழல் 11 இல்ல 34 மீட்டர். எதிர்க்கூரை உச்சிக்கும் என் சுவருக்கும் 20 மீட்டர், அப்போ தோட்டமும் கீழ்தளமும் மத்தியான நேரத்துலயே இருட்டு. ஆனா சுவர்ல எந்த உயரம் வரைக்கும் நிழல்னு திருப்பிக் கேட்டேன், சுமார் 3.8 மீட்டர்னுச்சு, கையால போட்டும் பாத்துட்டேன், சரியா இருக்கு. அதுக்கு மேல வெயில். மாடி ஜன்னல் பாதி தப்பிச்சது, தொட்டிய மேல தூக்கிட்டுப் போயிடுறேன்.

சும்மா_வந்தேன்:
வாடகை எவ்ளோ சொல்றாரு? "தோட்டத்துல நல்ல வெயில்"னு விளம்பரத்துல போட்டிருந்தா இந்தக் கணக்கைக் காட்டிக் கொறச்சுக் கேளுங்க.