புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய்: யூமிஸ்ல எல்லாம் சரி, பாஸ்புக்ல ஒண்ணுமில்ல. எங்கே பார்க்கணும்?

கேள்வி: ஆத்தங்கரை

அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. பிளஸ் டூல தொழிற்கல்வி, அடிப்படை மின் பொறியியல். இந்த வருஷம் பாலிடெக்னிக்ல ட்ரிபிள் ஈ, லேட்டரல் என்ட்ரியில நேரா ரெண்டாம் வருஷம் சேர்ந்திருக்கா. புதுமைப் பெண் திட்டத்துக்கு (அரசுப் பள்ளியில படிச்சு மேல படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம்) யூமிஸ்ல, அதாவது காலேஜ் மாணவர் பதிவுத் தளத்துல, காலேஜே பதிவு பண்ணிட்டாங்க, "உங்க பக்கம் பாக்கி எதுவும் இல்ல"ங்கிறாங்க. கூடப் படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசாமாசம் வருது. இவளுக்கு நாலு மாசமா வரல.

பேங்க்ல கேட்டா, "ஆதார் லிங்க் ஆகியிருக்கு, எங்க மேல தப்பில்ல"ன்னு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுறாங்க. அக்கவுன்ட் அவ ஆறாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக அண்ணியும் சேர்ந்து தொடங்கினது. லேட்டரல்ல சேர்ந்ததாலதான் வரலையோன்னு அண்ணனுக்குச் சந்தேகம். யாரைப் பிடிக்கணும்?

பதில் 1: கேஷ்_கவுன்ட்டர்

லேட்டரலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ மூணும் திட்டத்துக்குள்ள வருது. ரெண்டாம் வருஷம் சேர்ந்ததால பணம் வாங்குற மாசங்கள் குறையும், அவ்வளவுதான்.

பேங்க்ல காட்டினதும் பொய்யில்ல. ஆனா நீங்க கேட்க வேண்டிய கேள்வி வேற. ஆதார் "லிங்க்" வேற, "சீடிங்" வேற. அக்கவுன்ட் கேஒய்சில ஆதார் எண்ணை ஏத்தியிருந்தா அது லிங்க். ஒரே ஆதாரை அஞ்சு பேங்க்ல லிங்க் பண்ணலாம். சீடிங்னா என்பிசிஐ (பேங்குகளுக்கு நடுவுல பணப் பரிமாற்றத்தை நடத்துற தேசிய அமைப்பு) வச்சிருக்கிற மேப்பர்ங்கிற பட்டியல்ல இந்த ஆதாருக்கு இந்த பேங்க்னு எழுதியிருக்கிறது. அதுல ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான் இருக்கும், கடைசியா யார் ஏத்தினாங்களோ அவங்க பேர். ஆதார் வழியா வர்ற அரசுப் பணம் பாஸ்புக் நம்பரைப் பார்த்துப் போகாது, அந்த மேப்பரைப் பார்த்துத்தான் போகும்.

அதனால முதல்ல இதைப் பாருங்க. மை ஆதார் தளத்துல ஆதார் எண், ஓடிபி போட்டு உள்ளே போனா "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்"னு ஒரு கட்டம். பேங்க் பேர், ஆக்டிவா இல்லையா, கடைசியா மாத்தின தேதி, மூணும் காட்டும். அக்கவுன்ட் நம்பர் காட்டாது. ஓடிபி ஆதார்ல இருக்கிற மொபைலுக்குத்தான் வரும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தா முதல்ல ஆதார் மையம் போய் மொபைல் நம்பரை மாத்தணும்.

பேங்க் பேரும் தேதியும் மட்டும் இங்க சொல்லுங்க. ஆதார் எண்ணையோ ஸ்க்ரீன்ஷாட்டையோ போட்டுறாதீங்க.

பதில் 2: நோடல்_மேசை

மேல சொன்னதைப் பாக்கிறதுக்கு நடுவுல, காலேஜ்ல அந்தத் திட்டத்தைப் பாக்கிற நோடல் அலுவலர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "விண்ணப்பம் ஓகேவா"ன்னு இல்ல, "பணம் அனுப்பினதுல என்ன நிலைமை"ன்னு. ரெண்டும் வேற வேற. விண்ணப்பம் ஏத்துக்கிட்டாங்கன்னா தகுதி சரின்னு மட்டும்தான் அர்த்தம். அனுப்பி, திரும்பி வந்திருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அனுப்பி, போய்ச் சேர்ந்திருந்தா கதையே மாறிடும்.

ஆத்தங்கரை

பார்த்தாச்சு. ஆக்டிவ்னுதான் இருக்கு. ஆனா பேங்க் எங்க பேங்க் இல்ல! ஏதோ பேமென்ட்ஸ் பேங்க் பேரு. தேதி இந்த ஜூலை கடைசி. அண்ணியும் பொண்ணும் அப்படி ஒரு அக்கவுன்டே இல்லைங்கிறாங்க. யாராவது ஏமாத்தியிருப்பாங்களா?

பதில் 3: கேஷ்_கவுன்ட்டர்

போலீஸ் வரைக்கும் போகாதீங்க. ஜூலைல புது சிம் வாங்கினாளான்னு கேளுங்க. காலேஜ் சேர்ற நேரத்துல நிறையப் பேருக்கு இதே கதைதான். கடையில சிம்முக்கு விரல் ரேகை வைக்கும்போதே, "இதுல ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்டும் வருதும்மா"ன்னு இன்னொரு தடவை விரல் வைக்கச் சொல்வாங்க. மொபைல் திரையில "அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெற ஒப்புக்கொள்கிறேன்"ங்கிற கட்டத்துல டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். அந்த டிக்தான் மேப்பரை மாத்துது. பழைய பேங்குக்கு அதைப் பத்தித் தெரியவே தெரியாது, அதான் "லிங்க் ஆகியிருக்கு"ன்னு காட்டுறாங்க.

நல்ல சேதி என்னன்னா, மேப்பிங் ஆக்டிவா இருந்தா பணம் தொலைஞ்சிருக்காது. அந்த அக்கவுன்ட்லதான் உக்காந்திருக்கும். பக்கத்துல ஆதார் வச்சுப் பணம் எடுக்கிற மைக்ரோ ஏடிஎம் எங்க இருந்தாலும் போங்க. பேங்க் பட்டியல்ல அந்த பேமென்ட்ஸ் பேங்க் பேரைத் தேர்ந்தெடுத்து முதல்ல பேலன்ஸ் மட்டும் பாக்கச் சொல்லுங்க. இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க: வழக்கமான பேங்க் பேரையே தேர்ந்தெடுத்து, ஜீரோன்னு பார்த்துட்டு வந்துடுவாங்க. அச்சடிச்ச ஸ்லிப் கேட்டு வாங்குங்க, வாய்க்கணக்கு வேண்டாம்.

ஆத்தங்கரை

சிம்தான் சார். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு தடவை விரல் வச்சிருக்கா. ஸ்லிப்ல 3,000 இருக்கு! நாலு மாசத்துல மூணு மாசப் பணம். முதல் மாசத்தது மட்டும் இல்ல. இனிமே எங்க பேங்குக்கே வர என்ன செய்யணும்? அந்த ஒரு மாசம் போனது போனதுதானா?

பதில் 4: கேஷ்_கவுன்ட்டர்

மூவாயிரத்தை இப்பவே எடுத்துக்கலாம், அவசரமில்லைன்னா விட்டும் வைக்கலாம். மேப்பிங் மாத்தினா பழைய அக்கவுன்ட்ல இருக்கிற பணம் முடங்காது.

மாத்துறதுக்கு முன்னாடி உங்க பேங்க் அக்கவுன்ட்டைச் சரி பண்ணணும். அது மைனர் அக்கவுன்ட். பொண்ணுக்கு 18 முடிஞ்சிருந்தா, அவளே போட்டோ, ஆதார், பான் கார்டு (பான் இல்லைன்னா அதுக்கான உறுதிமொழிப் படிவம்), புதுக் கையெழுத்து கொடுத்து மேஜரா மாத்தணும். அதுவரைக்கும் கார்டியன் கையெழுத்தும் செல்லாது, அவ கையெழுத்தும் பதிவுல இருக்காது. ரெண்டு வருஷமா நாம போட்டதோ எடுத்ததோ எதுவுமே இல்லைன்னா "இன்ஆபரேட்டிவ்" (முடங்கின கணக்கு) ஆகியிருக்கலாம், அதையும் கேஒய்சி கொடுத்து எழுப்பணும். அண்ணியும் பேர்ல இருக்காங்கன்னா, முதல் பேர் யாருன்னு பாருங்க. முதல் பேர் அண்ணியா இருந்தா அதோட மல்லுக்கட்டாம, பொண்ணு பேர்ல தனியா ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட் தொடங்கிடுங்க.

அப்புறம் சீடிங். பேங்க்ல "ஆதார் லிங்க் பண்ணுங்க"ன்னு கேட்டா மறுபடியும் "ஆகியிருக்கே"ம்பாங்க. கேட்க வேண்டிய வார்த்தை: "டிபிடிக்கு என்பிசிஐ மேப்பர்ல சீடிங் பண்ணணும், வேற பேங்க்லேருந்து மாத்தணும்." டிபிடின்னா அரசுப் பணம் நேரா அக்கவுன்டுக்கு வர்றது. ஒப்புதல் படிவத்துல புதுசா சீடிங் பண்றதுக்கு ஒரு கட்டம், வேற பேங்க்லேருந்து மாத்துறதுக்கு ஒரு கட்டம் இருக்கும். ரெண்டாவதுல டிக் போட்டு, இப்ப இருக்கிற பேங்க் பேரை எழுதணும். முதல் கட்டத்துல டிக் போட்டுக் கொடுத்தா, பழைய பேங்க் பேர் மேப்பர்ல இருக்கிறதால ஏறாமப் போகும், உங்களுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லவும் மாட்டாங்க. சீல் வச்ச ஒப்புகைச் சீட்டு வாங்கிக்குங்க. ரெண்டு மூணு வேலை நாள் கழிச்சு மை ஆதார்ல மறுபடி பாருங்க. பேங்க் பேரு மாறி, தேதியும் புதுசா இருந்தா வேலை முடிஞ்சது.

என்பிசிஐ தளத்துலயே "பேஸ்"ங்கிற வசதியில வீட்டிலிருந்து மாத்தலாம். ஆனா எல்லா பேங்கும் அதுல இல்ல, இருந்தா முயற்சி பண்ணுங்க.

பதில் 5: நோடல்_மேசை

விட்டுப்போன முதல் மாசம்: அந்தத் தேதியில மேப்பிங் மாறிக்கிட்டு இருந்திருக்கலாம், இல்ல பட்டியல்ல அவ பேர் அடுத்த மாசம்தான் ஏறியிருக்கலாம். முதலாவதுன்னா அனுப்பினது திரும்பியிருக்கும், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ரெண்டாவதுன்னா அனுப்பவே இல்ல. எதுன்னு நோடல் அலுவலர்கிட்ட கேட்டுட்டு, ஒரு பக்க மனு எழுதுங்க. பேர், யூமிஸ் எண், எந்த மாசம், சீடிங் மாறின தேதி, ஸ்லிப் நகல். காலேஜ் முதல்வர் கையெழுத்தோட, கலெக்டர் அலுவலகத்துல இருக்கிற மாவட்ட சமூக நல அலுவலருக்கு. இந்தத் திட்டம் சமூக நலத் துறையோடது. பேங்க்லயும் பள்ளிக்கூடத்துலயும் போய்க் கேட்டா பதில் கிடைக்காது.

கேள்வி: வெல்டர்_அண்ணன்

இதே இழையில ஒரு கேள்வி. தம்பி பிளஸ் டூ முடிச்சு அரசு ஐடிஐல ஃபிட்டர். ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளி, பதினொண்ணு பன்னெண்டு அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. தமிழ்ப் புதல்வனுக்கு (பசங்களுக்கான அதே ஆயிரம் ரூபாய்த் திட்டம்) தகுதி இல்லைன்னு வருது. உதவி பெறும் பள்ளின்னா கிடையாதா?

பதில் 6: சும்மா_வந்தவன்

ஐடிஐல ஏற்கெனவே மாசம் 750 தர்றாங்க ப்ரோ. ரெண்டும் சேர்த்து வாங்க முடியாது, அதான் ரிஜெக்ட்.

பதில் 7: நோடல்_மேசை

தப்பு. வேற உதவித்தொகை வாங்குறவங்களுக்கும் இந்த ஆயிரம் கூடுதலாக் கிடைக்கும்னு திட்டத்துலயே சொல்லியிருக்கு. 750ஐக் காரணமாச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினா எழுத்துல கேளுங்க.

வெல்டர் அண்ணன், உதவி பெறும் பள்ளியும் உண்டு, தமிழ் வழியா இருந்தா. புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5ல தொடங்கினப்ப அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும். தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9ல கோவையில தொடங்கினப்பவே உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவர்களும் சேர்ந்தாங்க. அதே ஆண்டு டிசம்பர் 30ல இருந்து மாணவிகளுக்கும் அப்படியே. அரசுப் பள்ளிங்கிறதுல மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளி எல்லாம் அடங்கும். 8 வரை தனியார்ல ஆர்டிஇ (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்) ஒதுக்கீட்டுல படிச்சு, 9 முதல் 12 அரசுப் பள்ளின்னாலும் தகுதிதான். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

உங்க தம்பி விஷயத்துல என் சந்தேகம் எமிஸ் (பள்ளி மாணவர் பதிவுத் தளம்) பதிவு. ஒரே பள்ளியில தமிழ் வழி, ஆங்கில வழி ரெண்டும் இருந்தா, பிளஸ் ஒன் சேர்க்கும்போது வகுப்புப் பிரிவோட சேர்ந்து பயிற்று மொழியும் தப்பா விழுந்துடும். யூமிஸ் அந்தப் பதிவை எடுத்துப் பார்த்து, ரெண்டு வருஷம் உதவி பெறும் பள்ளி, ஆங்கில வழின்னு முடிவு பண்ணிடும். டிசியை எடுங்க. அதுல பயிற்று மொழி என்ன போட்டிருக்கு? தமிழ்னு இருந்தா, டிசி நகலோட, கடைசியாப் படிச்ச பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பாருங்க. எமிஸ்ல திருத்த வேண்டியது பள்ளி. ஐடிஐல போய் எவ்வளவு கத்தினாலும் அவங்களால அந்தக் கட்டத்தைத் தொட முடியாது. திருத்தினதும் ஐடிஐல சொல்லி மறுபடி சரிபார்க்கச் சொல்லணும், தானா மாறும்னு காத்திருக்காதீங்க.

டிசியிலேயே ஆங்கிலம்னு இருந்து, அதுதான் உண்மையும்னா, கிடைக்காது.

வெல்டர்_அண்ணன்

டிசில "தமிழ்"னு தெளிவா இருக்கு. ஆனா பேரு டிசில "ம. கார்த்திக்", ஆதார்ல அப்பா பேரை முழுசா சேர்த்து இருக்கு. இதுவும் இடிக்குமா?

பதில் 8: நோடல்_மேசை

இடிக்கலாம். ஆனா அவசரப்பட்டு ஆதாரை மாத்தாதீங்க. ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டே தடவைதான் மாத்த விடுவாங்க, பிறந்த தேதியை ஒரே தடவை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அதுதான் அடிப்படை. அதுக்கு ஒத்துவர மாதிரி ஒரே தடவை மாத்தணும். முதல்ல பயிற்று மொழியைத் திருத்துங்க. அதுக்கப்புறமும் பேர் ஒத்துப்போகலைன்னு வந்தா ஆதார் பக்கம் போங்க.

கேள்வி: ஹாஸ்டல்_ரூம்_12

எஸ்சி, முதல் வருஷ டிப்ளமோ, ஹாஸ்டல். போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல படிக்கிற எஸ்சி மாணவர்களுக்கான உதவித்தொகை) எவ்வளவு வரும்? ஆயிரமும் சேர்ந்து வருமா? என் தங்கச்சிக்கு பிரகதி 50,000 போடலாம்ங்கிறாங்க, அது என்ன?

பதில் 9: கேஷ்_கவுன்ட்டர்

போஸ்ட் மெட்ரிக்குக்குக் குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். பத்தாவதை அடிப்படையா வச்ச டிப்ளமோவும் ஐடிஐயும் அந்த உதவித்தொகையோட படிப்புப் பிரிவுகள்ல நாலாவது. கட்டணம் போக, வருஷத்துக்குப் படிப்பு உதவி ஹாஸ்டல்னா 4,000, வீட்டிலிருந்து போனா 2,500. மத்திய அரசுப் பங்கு 60 சதவீதம், மாநிலம் 40. மத்தியப் பங்கு நேரா உங்க அக்கவுன்டுக்கே வரும், அதுவும் அதே மேப்பர் வழியாத்தான். அதுல கட்டணத் தொகையும் இருக்கும். செலவழிச்சுட்டு காலேஜ்ல முழிக்காதீங்க.

சாதிச் சான்று, வருமானச் சான்று ரெண்டும் இ-சேவையில வாங்கின, டிஎன்-னு ஆரம்பிக்கிற எண் உள்ளதா இருக்கணும். பழைய அட்டைச் சான்றை ஸ்கேன் பண்ணிப் போட்டா எண்ணைச் சரிபார்க்க வழியில்லாம நின்னுடும்.

ஆயிரத்தைப் பத்தி மேலேயே சொல்லியாச்சு, மத்த உதவித்தொகையோட சேர்த்து வாங்கலாம்.

பிரகதி ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) தர்றது, மாநிலத் திட்டம் இல்ல. தேசிய ஸ்காலர்ஷிப் தளத்துல விண்ணப்பிக்கணும். ஏஐசிடிஇ அனுமதி பெற்ற காலேஜ்ல டிப்ளமோ முதல் வருஷம், இல்லைன்னா லேட்டரல்ல ரெண்டாம் வருஷம் சேர்ந்த பொண்ணுங்களுக்கு, வருமானம் 8 லட்சத்துக்குள்ள, ஒரு குடும்பத்துல ரெண்டு பேர் வரைக்கும். வருஷம் 50,000. ஆனா அங்க ஒரு கொக்கி: வேற அரசு உதவித்தொகை வாங்கக் கூடாதுன்னு நிபந்தனை. தமிழ்நாட்டுத் திட்டம் தடுக்கல, பிரகதி தடுக்குது. வருஷம் 12,000மா 50,000மான்னு கணக்குப் பார்த்து, தேர்வானதுக்கு அப்புறம் எதை விடணும்னு நோடல் அலுவலர்கிட்ட எழுதிக் கொடுங்க. ரெண்டையும் வாங்கிட்டுக் கமுக்கமா இருந்தா திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

ஆத்தங்கரை, உங்க அண்ணன் மகளும் லேட்டரல்தான். ஏஐசிடிஇ அனுமதி இருக்கான்னு காலேஜ்ல கேட்டுப் பாருங்க.

ஆத்தங்கரை

அக்கவுன்ட் மேஜர் ஆயிடுச்சு. முதல் படிவத்துல "புதுசா"ங்கிற கட்டத்துலதான் அவங்களே டிக் போட்டுக் கொடுத்தாங்க. நீங்க சொன்னது ஞாபகம் வந்து அடிச்சு மாத்தச் சொன்னேன், முகத்தைச் சுளிச்சாலும் மாத்திட்டாங்க. மூணாவது நாள் மை ஆதார்ல எங்க பேங்க் பேரு வந்துடுச்சு. விட்டுப்போன மாசத்துக்கு மனு எழுதி காலேஜ் முதல்வர் கையெழுத்துக்குக் கொடுத்திருக்கு. சிம் கடை அக்கவுன்டை என்ன பண்றது?

பதில் 10: கேஷ்_கவுன்ட்டர்

மனுவுக்குப் பதில் வர்ற வரைக்கும் மூடாதீங்க, அதோட ஸ்டேட்மென்ட் தேவைப்படலாம். அப்புறம் ஜீரோ பண்ணி மூடிடுங்க.