ராட்சத வில் நிஜமா, நாமே போட்ட கோடா?

செந்தூல் செல்வா:
பிரபஞ்சத்தை 120 கோடி ஒளியாண்டுக்கு மேல் விரிச்சுப் பார்த்தா எல்லா இடமும் ஒரே சீராத்தான் இருக்கணும்னு பாடம். 2021ல் வானியலாளர் அலெக்சியா லோபஸ் குழு காட்டின ராட்சத வில், அதாவது வில் வடிவத்துல தெரியற கேலக்ஸிக் கூட்டம், 330 கோடி ஒளியாண்டு நீளம். 2024ல் அதன் பக்கத்திலேயே 130 கோடி அகலத்துக்கு ஒரு வளையம். கம்ப்யூட்டர்ல பிரபஞ்சத்தை வளர்த்துப் பார்க்கிற, 2005ல் வந்த மில்லெனியம் சிமுலேஷன்ல இது எங்கே? காட்டுங்க.

பட்டர்வொர்த் கவிதா:
அண்ணே, அந்த சிமுலேஷன் ஓடுற கனசதுரப் பெட்டியோட ஒரு பக்கமே சுமார் 220 கோடி ஒளியாண்டுதான். அதுக்குள்ள 330 கோடி வில்லைத் தேடினா?

ஈப்போ கணக்கு வாத்தியார்:
மூலைக்கு மூலை வச்சா 380 கோடி வரும்லா. ஆனாலும் ஒரே பெட்டியில அபூர்வமானதைத் தேடக்கூடாது.

கவிதா:
சரிங்க சார். விஷயம் இணைப்புத் தூரத்துல இருக்கு, அதாவது எவ்வளவு பக்கத்துல இருந்தா ரெண்டு புள்ளியை ஒரே கூட்டமாச் சேர்க்கிறோம்ங்கிறதுல. ராத்திரி பினாங்கு மலையில நின்னு, 50 மீட்டருக்குள்ள இருக்கிற விளக்குகளை மட்டும் சேர்த்துப் பாருங்க, ஜார்ஜ்டவுன் துண்டு துண்டாத் தெரியும். 5 கிலோமீட்டர்னு வச்சா, கடலைத் தாண்டி எங்க ஊர் வரைக்கும் ஒரே அமைப்பு! 2013ல் 73 குவாசர் (ரொம்பத் தொலைவுல பிரகாசிக்கிற கேலக்ஸி மையங்கள்) சேர்ந்த 400 கோடி ஒளியாண்டுக் கூட்டம்னு பரபரப்பா வந்துச்சே, அதே ஆண்டு அண்டவியலாளர் சேஷாத்ரி நடாத்தூர் அதே முறையைத் தாறுமாறாத் தூவின புள்ளிகள்ல ஓட்டினார். அதிலயும் அவ்வளவு பெரிய கூட்டங்கள் கிடைச்சுது.

செல்வா:
அது குவாசர். வில்லைக் கண்டுபிடிச்சது மெக்னீசியம் உறிஞ்சுகோட்டை வச்சு. பின்னால இருக்கிற குவாசரோட ஒளியில நடுவுல உள்ள வாயு விட்டுப்போன தடயம். உங்க பெரிய சிமுலேஷன்ல ஓடுறது பெரும்பாலும் கரும்பொருள் துகள், கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பு மட்டும் காட்டுற பொருள். வாயு எங்கே, மெக்னீசியம் எங்கே? அப்புறம் 'ஒத்துப்போகுது'ன்னா நான் நம்பணுமா?

கவிதா:
நல்ல கேள்வி. ஆனா அது உங்களையும் குத்துதே! பின்னால குவாசர் இருக்கிற திசையில மட்டும்தான் வாயு தெரியும், மத்த இடமெல்லாம் ஓட்டை. அதனாலதான் போலி வானம் செய்றாங்க. பெட்டிக்குள்ள ஒரு பார்வையாளரை உட்கார வச்சு, அதே ஓட்டை, இதைவிட மங்கலானது தெரியாதுங்கிற அதே எல்லை, கேலக்ஸிகளோட சொந்த ஓட்டத்தால, தொலைவை அளக்க உதவுற சிவப்புப்பெயர்ச்சியில (ஒளி சிவப்புப் பக்கம் நகர்றது) வர்ற அதே குழப்பம் எல்லாத்தையும் பூசி, அப்புறம்தான் தேடணும். ஃப்ளமிங்கோங்கிற இன்னொரு பெரிய சிமுலேஷன்ல 2025ல் தேடினவங்க, இந்த அளவு கோலங்கள் சகஜமாவே வருதுன்னு எழுதியிருக்காங்க.

செல்வா:
நீளம் வரும், உருவம் வருமா? வில்லும் வளையமும் வானத்துல 12 பாகைதான் இடைவெளி, தொலைவும் ஏறக்குறைய ஒண்ணு. ரெண்டையும் ஒரே போலி வானத்துல காட்டுங்க, தே தாரிக் (ஆத்தின டீ) என் செலவு.

கவிதா:
வட்டமா, நீள்வட்டமா, எத்தனை புள்ளி விட்டுப்போகலாம்னு இப்பவே எழுதிப் போடுங்க அண்ணே. பார்த்த பிறகு விதி மாத்தக்கூடாது.