ஒரு நாளைக்கு 14 பக்கம்: மேக்ஸ் பிராண்ட் எழுதிய விதம்

(குடும்பக் குரூப், வியாழன் மாலை)

*கவின்:* பெரியப்பா, ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. கௌபாய் கதை எழுதின அமெரிக்க எழுத்தாளர் மேக்ஸ் பிராண்ட் 500 நாவல் எழுதினாராம், ஒவ்வொண்ணும் ஒரே ராத்திரியில முடிச்சாராம். சனிக்கிழமை நூலகக் கூட்டத்துல கௌபாய் கதை பத்தி நான்தான் பேசணும். இதைச் சொல்லலாமா?

*பெரியப்பா:* எண்ணிக்கை ஏறக்குறைய சரி. ராத்திரி சமாச்சாரத்தை விட்டுடு. அவர் நிஜப் பேர் ஃபிரெடரிக் ஃபாஸ்ட். 1892ல சியாட்டில்ல பிறந்தவர், கலிஃபோர்னியாவுல வளர்ந்தவர். ராவோட ராவா எழுதித் தள்ளுற ஆள் இல்ல. ஒரு நாளைக்குச் சராசரியா 14 டைப் பக்கம், அவ்வளவுதான். ஆனா அதை விடவே மாட்டார்.

*சுமதி சித்தி:* அந்த 14ஐக் கணக்குப் போட்டுப் பாரு கவின். வரிக்கு வரி இடைவெளி விட்டு அடிச்சா பக்கத்துக்குச் சுமார் 250 வார்த்தை. அப்ப நாளைக்கு 3,500. வருஷத்துக்கு 300 நாள்னு வெச்சா பத்தரை லட்சம். 1917லேர்ந்து 1944 வரைக்கும் 27 வருஷம். பெருக்கினா 2 கோடியே 83 லட்சம். அவர் வாழ்க்கையை ஆராய்ஞ்சவங்க சொல்ற மொத்தமும் இரண்டரை கோடிலேர்ந்து மூணு கோடி வார்த்தைதான். கணக்கு அப்படியே வந்து உட்காருது பாரு.

*கவின்:* அப்ப 60,000 வார்த்தை நாவல் ஒண்ணுக்கு 17, 18 நாள்!

*சுமதி சித்தி:* ஆமா. முடிஞ்ச மறுநாள் அடுத்தது.

*ரவி மாமா:* எழுதுறது சரி, அத்தனையையும் வாங்குறதுக்கு ஆள் வேணுமே. அதைச் சொல்லாம விட்டா பேச்சு பாதிதான் நிக்கும். 1917ல மன்சிங்கிற பத்திரிகைக் கம்பெனியோட ஆசிரியர் பாப் டேவிஸ் அவரை உள்ளே கொண்டுவந்தார். 1920களோட தொடக்கத்துல ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகத்தோட 'வெஸ்டர்ன் ஸ்டோரி' வாரப் பத்திரிகைக்குப் போனார். ஆசிரியர் ஃபிராங்க் பிளாக்வெல். வாரம் தவறாம இதழ் வரணும்னா அதை நிரப்ப மலை மாதிரி சரக்கு வேணும். ஃபாஸ்ட் கொடுத்துக்கிட்டே இருந்தார்.

*கவின்:* எவ்வளவு கொடுத்தாங்க மாமா?

*ரவி மாமா:* வார்த்தைக்கு 5 சென்ட், அவர் உச்சத்துல இருந்தப்ப. அந்த மலிவுக் காகிதப் பத்திரிகைகள்ல சாதாரண எழுத்தாளருக்கு 1 சென்ட் கிடைச்சாலே பெரிசு. 60,000 வார்த்தைக்கு 3,000 டாலர். அந்தப் பணத்துலதான் இத்தாலியில ஃபிளாரன்ஸ்ல வில்லா எடுத்துக் குடும்பத்தோட இருந்தார். அங்கே உட்கார்ந்துதான் டெக்சஸ் பாலைவனத்தை எழுதினார்.

*பெரியப்பா:* புனைபெயர் விஷயத்தை விட்டுடாதே கவின். அது விளம்பரத்துக்காகவோ வெட்கத்துக்காகவோ மட்டும் வெச்சது இல்ல. ஒரே இதழ்ல மூணு கதை அவரோடதா இருக்கும். மூணுலயும் ஒரே பேர் போட்டா வாசகன் ஏமாத்துறாங்கனு நினைப்பான். அதனால ஒண்ணு மேக்ஸ் பிராண்ட், ஒண்ணு ஜார்ஜ் ஓவன் பாக்ஸ்டர், இன்னொண்ணு டேவிட் மானிங். இப்படி மொத்தம் 20 புனைபெயர் பக்கம் வரும். இன்னொரு காரணமும் உண்டு. 1917ல அமெரிக்கா ஜெர்மனியோட போருக்குப் போயிடுச்சு. ஃபாஸ்ட்ங்கிற ஜெர்மன் பேரை அட்டையில போட முடியாத நேரம்.

*கவின்:* கதைக்கு எங்க போவார்? 500 கரு எப்படிக் கிடைக்கும்?

*பெரியப்பா:* கரு 500 இல்லப்பா. பிளாக்வெல் கேட்டதே ரெண்டு வகைதான். ஒண்ணு, துரத்திப் பிடிக்கிறது. இன்னொண்ணு, ரகசியத்தைக் கடைசி வரைக்கும் இழுத்து உடைக்கிறது. ஃபாஸ்ட் இதுக்குள்ள கிரேக்கப் புராணத்தைக் கொண்டுவந்து வெச்சார். அவர் முதல் பெரிய வெஸ்டர்ன், அதாவது கௌபாய் நாவல், 'தி அன்டேம்ட்'. அதுல நாயகன் விசில் அடிச்சுக்கிட்டே திரிவான், ஒரு கருப்புக் குதிரை, ஓநாய் மாதிரி ஒரு நாய், மூணும் ஒரே உயிர் போல. அந்த நாயகன் வெறும் மாடு மேய்க்கிறவன் இல்ல, கிரேக்க வனதேவதை பான். ஊர்ப் பேர், மலைப் பேர், துப்பாக்கி மாடல் இதெல்லாம் அவர்கிட்ட ரொம்பக் குறைச்சல். அந்த விவரம் வேணும்னா இன்னொரு கௌபாய் கதை எழுத்தாளர் ஜேன் கிரேகிட்ட போகணும். ஆனா வேகத்துல, மனுஷனுக்குள்ள இருக்கிற பயத்தைக் காட்டுறதுல இவருக்கு ஈடு கிடையாது. இது என் தீர்மானமான கருத்து.

*சுமதி சித்தி:* அந்த முறையில என்ன கெடும்னும் சொல்லு. திருப்பி எழுத நேரம் கிடையாது. முதல் பிரதியே கடைசிப் பிரதி. வார்த்தைக்குக் காசுங்கிறதால வசனம் நீளும், நடுப்பகுதி தொங்கும். முதல் 30 பக்கம் அபாரமா இருக்கும், கடைசியில அவசரமா முடிச்சுப் போட்டிருப்பார். நிறைய கதையில இதைப் பார்க்கலாம்.

*ரவி மாமா:* ஒரே பத்திரிகையை நம்பினதும் அடிச்சுது. பொருளாதார மந்தம் வந்ததும் 1930களோட தொடக்கத்துல வார்த்தைக்குக் கொடுக்கிற விலையைக் குறைச்சாங்க. அதே 14 பக்கம், பணம் மட்டும் குறைச்சல். ஏஜென்ட் கார்ல் பிராண்ட் (புனைபெயர் இல்ல, வேற ஆள்) அவரை வழவழப்புக் காகிதப் பத்திரிகைகள் பக்கம் திருப்பினார். டாக்டர் கில்டேர் பாத்திரம் அப்படி வந்ததுதான், 1936ல. பிறகு எம்ஜிஎம் சினிமா கம்பெனியில சம்பளத்துக்குத் திரைக்கதை.

*கவின்:* அவருக்கே இந்தக் கதைங்க பிடிச்சிருந்துதா?

*பெரியப்பா:* தன்னைக் கவிஞனாத்தான் நினைச்சார். கதை டைப்ரைட்டர்ல ஓடும். கவிதையை மட்டும் கையால, வரி வரியா, மெதுவா எழுதுவார். நிஜப் பேரை அதுக்குத்தான் எடுத்து வெச்சிருந்தார். 1922ல ஒண்ணு, 1931ல ஒண்ணுனு கவிதைப் புத்தகம் வந்துச்சு. யாரும் பெரிசா கண்டுக்கல. அதை நினைச்சா எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

*சுமதி சித்தி:* இதய நோயோட அத்தனையும் எழுதினார்ங்கிறதையும் சேர்த்துக்க.

*ரவி மாமா:* முடிவும் இத்தாலியிலதான். 1944 மே மாசம், 51 வயசுல, 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையோட போர் நிருபரா போர்முனைக்குப் போனார். சாண்டா மரியா இன்ஃபான்டேங்கிற ஊர்ல நடந்த தாக்குதல்ல குண்டுச் சிதறல் பட்டு இறந்தார்.

*கவின்:* கூட்டத்துக்கு ரெண்டு மூணு புத்தகம் எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். எதை வாங்குறது?

*பெரியப்பா:* பேரைப் பார்த்து வாங்கினா ஒரே கதையை ரெண்டு தடவை வாங்குவே. தொடரா வந்தப்ப ஒரு தலைப்பு, புத்தகத்துல வேற தலைப்பு. 1930ல பத்திரிகையில 'ட்வெல்வ் பியர்ஸ்'னு வந்த தொடர்தான் 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்'. அவர் இறந்த பிறகும் பழைய தொடர்களை எடுத்துப் புதுப் புத்தகமாப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பு. எந்தப் பத்திரிகை, எந்த வருஷம், முதல்ல என்ன தலைப்புனு பெரும்பாலும் அங்கே போட்டிருப்பாங்க. அதைக் குறிச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கு.

*கவின்:* 1939 டெஸ்ட்ரி படத்தைப் போட்டுக் காட்டலாமா?

*ரவி மாமா:* படம் நல்ல படம். ஆனா பேரைத் தவிர நாவல்லேர்ந்து அதுல ஒண்ணும் பெரிசா இல்ல. அதைச் சொல்லிட்டுக் காட்டு.